கை சுத்தம்

மார்ச் 3

அண்ணிக்கு,

போனில் பேசினால் நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மிச்சம் அங்கேயே கிடக்கும், என்றைக்காவது எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். நலம் விசாரிக்க அல்ல.

உங்கள் தம்பிக்கு, என் புருஷனுக்கு, என்ன ஆயிற்று என்று அன்றைக்கு நான் சொல்லி முடிப்பதற்குள், "நீ என்னத்தப் பாத்துக்கிட்டிருந்த?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். என்னத்தைப் பார்த்தேன் என்று ஒன்று விடாமல் சொல்கிறேன், கேளுங்கள்.

டிசம்பரில் ஒரு புது வீட்டில் பாத்ரூம் தரைக்கு டைல்ஸ் போட்டார். வேலை செய்யும் இடத்தில் அவருக்கு ரசமட்டம் என்றுதான் பெயர். தரையில் மட்டக்கோலை வைக்காமலே, செருப்பைக் கழற்றிவிட்டு நாலு எட்டு நடந்து, எந்த மூலை தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்த வீட்டுக்காரர் குழாயைத் திறந்தால் தண்ணீர் ஜலதாரைக்குப் போகாமல் திரும்பிப் படுக்கையறைக்குள் போனதாம். மேஸ்திரி இவர் குடித்திருப்பதாக நினைத்து எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "வாட்டம் திரும்பிடுச்சு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு நாள் சறுக்காத ஆள் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஜனவரியில் சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். படகில் நிற்கிறவர் மாதிரி காலை அகட்டி வைத்தார். பேச்சு, வாயில் எதையோ அதக்கிக்கொண்டு பேசுவது போல் ஆயிற்று. நான் வாயை மோந்து பார்த்தேன். வாடை இல்லை. வாடை இல்லையே என்று நிம்மதிப்படுவதற்குப் பதில், வாடை வராத சாராயம் எங்கே கிடைக்கிறது என்று கேட்டுச் சண்டை போட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், பின்னால் நீங்கள் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டாம்.

மாசக் கடைசியில் கடைத்தெருவில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பெண் டாக்டர், என்னைவிடச் சின்னவள், தனியாகக் கூப்பிட்டு, "இவர் ஹெராயின் இழுப்பாரா?" என்று கேட்டாள். நான், "அவரு டைல்ஸ் போடுறவரு" என்றேன். அது ஒரு பதிலா?

அவள் பொறுமையாகச் சொன்னாள். அந்தத் தூளைச் சூடாக்கி அந்தப் புகையை இழுக்கிறவர்களில் யாரோ சிலருக்கு மூளையின் வெள்ளைப் பகுதி இப்படிக் கெட்டுப்போகுமாம். கரண்டுக் கம்பியின் மேலுறை உரிந்துபோனால் என்ன ஆகும், அப்படி. எல்லோருக்கும் வருவதில்லை, இவருக்கு ஏன் வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இழுப்பதை நிறுத்தின பிறகும் சில பேருக்கு இறங்கிக்கொண்டே போகுமாம். மருந்து என்று உறுதியாக எதுவும் இல்லை. கொஞ்சம் தேறினவர்களும் உண்டு, போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

இப்போது நடை இல்லை. ஊட்டினால் விழுங்குகிறார். ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி இருக்கிறது, "சுத்தம்" என்கிறார், அதுவும் "சு" என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது. யார் கட்டில் பக்கம் வந்தாலும், சட்டைக் கையைப் பல்லால் கடித்து மேலே இழுத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டுகிறார். துடைத்துவிடச் சொல்கிறார் என்று நினைத்து நானும் ஈரத்துணியால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை துடைக்கிறேன். தோல் உரிகிற அளவுக்குத் துடைத்தாயிற்று, திருப்தி வரவில்லை. எல்லாம் நீங்கள் பழக்கினதுதான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் முதல் கேள்வியே "கை சுத்தமா இருக்காடா?" என்பதுதானே. முப்பத்தாறு வயதுக்காரனை அக்கா கை கழுவச் சொல்கிறாள் என்று நான் கேலி பண்ணுவேன். சிமெண்டுக் கறை போக நல்ல சோப்பு கூட வாங்கி வைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசிக்கு மேல் இந்த ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் வேலை செய்யும் ஹோட்டல் சலவைக்கூடத்தில் பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது, அந்த முனைக்கு ஒரு ஆள் வேண்டும். இவரும் அப்படித்தான். நீங்கள் வந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வராவிட்டால் ஊருக்கு வெளியே ஒரு காப்பகம் இருக்கிறது, அங்கே சேர்க்கக் கையெழுத்துப் போடுவேன். அங்கே அவர் யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

உங்கள் தம்பியை வளர்த்தவர் நீங்கள். வாருங்கள்.


மார்ச் 10

தம்பி மனைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

ஒரே வீட்டில், ஒரே அறையில், மூன்று அடி தள்ளிப் படுத்திருக்கிறவனுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை என்று நீ எழுதியிருப்பதை நான் நம்ப முயற்சி செய்கிறேன். வாயை மோந்து பார்த்தாய். கண்ணைப் பார்த்தாயா? பாவை ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும். கையில் இருந்த விளக்கை அணைத்துவிட்டு இருட்டாக இருக்கிறதே என்கிறாய்.

இருபத்திரண்டு வருஷம் வார்டில் நர்சாக இருக்கிறேன். அந்த முறையில் சொல்கிறேன், குறித்துக்கொள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வை. குதிகாலும் இடுப்பெலும்பும் சிவந்தால் உடனே சொல். தண்ணீரைத் தண்ணீராகக் கொடுக்காதே, புரை ஏறும். கொஞ்சம் கெட்டியாகக் கரைத்துக் கரண்டியில் கொடு. படுத்த நிலையில் எதையும் ஊட்டாதே. காலை மடக்கி நீட்டி விடு, இல்லாவிட்டால் இறுகிவிடும். பேசிக்கொண்டே செய். பதில் சொல்லாதவனுக்குக் காது கேட்காது என்று அர்த்தம் இல்லை. ரத்தப் பரிசோதனை எல்லாம் சுத்தமாகத்தான் வந்திருக்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கைகளைத் துடைக்காதே. தேவையில்லை.

எனக்கு விடுப்பு கிடைக்காது. இரண்டு நர்சுகள் ஏற்கெனவே லீவில் போயிருக்கிறார்கள். காப்பகம் என்ற பேச்சை எடுக்காதே. அவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள்.

கைகளை நீட்டும்போது உள்ளங்கை மேலே பார்த்தபடி இருக்கிறதா, கீழே பார்த்தபடியா? தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அக்கா.


மார்ச் 17

அண்ணிக்கு,

"தம்பி மனைவிக்கு" என்று ஆரம்பித்திருந்தீர்கள். பன்னிரண்டு வருஷத்தில் நான் ஏறின படி அவ்வளவுதான் போலிருக்கிறது. சந்தோஷம்.

நீங்கள் எழுதின வைத்தியத்தை எல்லாம் இங்கே நர்சுகள் முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். செய்துகொண்டும் இருக்கிறேன். காலை ஷிப்ட் முடிந்து நேரே இங்கே வருகிறேன். துணி மடித்த கையோடு அவர் காலை மடக்குகிறேன். எனக்கு யோசனை வேண்டாம், ஆள் வேண்டும் என்று கேட்டேன். அதற்கு லீவு இல்லை.

கண்ணைப் பார்க்கவில்லையா என்று கேட்டீர்கள். நான் அதைவிடப் பெரிய காரியம் செய்திருக்கிறேன், கேளுங்கள். இதை யாரிடமும் சொன்னதில்லை, அந்தப் பெண் டாக்டரிடம்கூட.

சமையலறையில் சோற்றுப் பொட்டலம் கட்டுகிற வெள்ளித்தாள் சுருள் இருக்குமே, அது எங்கள் வீட்டில் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒரு நாள் கேட்டேன். டைல்ஸ் இடுக்கில் அடைக்கிற பூச்சைக் கொஞ்சமாகக் கலந்து நிறம் பார்க்க வேண்டும், அதற்குத் தாள்தான் வசதி, ஒட்டாது என்றார். எவ்வளவு அழகாகச் சொன்னார் தெரியுமா? வெள்ளை, சாம்பல், தந்த நிறம் என்று வித்தியாசம் எல்லாம் விளக்கினார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். தொழில் விஷயம் என்னிடம் பேசுகிறாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இது ரொம்ப மெல்லிசு, சட்டுனு கிழிஞ்சுடுது" என்றார் ஒரு தடவை. அடுத்த வாரமே தேடிப்பிடித்து நல்ல கெட்டித் தாளாக வாங்கி வந்தேன். அதற்கப்புறம் தீரத் தீர நான்தான் வாங்கினேன். அவர் கேட்காமலே.

புரிந்ததா அண்ணி? அந்தத் தாளில் வைத்துத்தான் சூடு காட்டுவார்களாம். டாக்டர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனாள், எனக்கு நாற்காலி நழுவின மாதிரி இருந்தது. புருஷன் மூளையை வேகவைக்கப் பாத்திரம் வாங்கிக் கொடுத்த பெண்டாட்டி நான். நீங்கள் எவ்வளவு திட்டினாலும் இதற்கு மேல் திட்ட முடியாது, அதனால் இனிமேல் சும்மா இருங்கள்.

இப்போது நான் கேட்கிறேன். ரத்தப் பரிசோதனை சுத்தமாகத்தான் வந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் பற்றி ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. டாக்டரே ஆச்சரியப்பட்டாள். இத்தனை வருஷம் பழக்கம் இருக்கிறவர்களுக்கு ஊசியால் தொற்றுகிற நோய் ஏதாவது ஒன்று இருக்கும் என்று எல்லாம் பார்த்தார்களாம், ஒன்றும் இல்லையாம். கையிலும் ஒரு குத்துகூட இல்லை, இவர் புகை மட்டும்தான் என்றாள். அது இங்கே இருக்கிற டாக்டருக்கே பிப்ரவரியில்தான் தெரியும். முந்நூறு மைல் தள்ளி இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரியும்? கைகளைத் துடைக்க வேண்டாம் என்று ஏன் சொன்னீர்கள்? தேவையில்லை என்றால் என்ன அர்த்தம்?

உள்ளங்கை மேலே பார்த்தபடிதான் இருக்கிறது. முழங்கையின் உள்மடிப்பு நன்றாகத் தெரிகிற மாதிரி நீட்டுகிறார்.

பதில் எழுதுங்கள். லீவு வேண்டாம் அதற்கு.


மார்ச் 29

உனக்கு என்ன எழுதி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். ஆரம்பம் இல்லாமலே எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் சமையலறைக்குத் தரை போட அவன் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒன்பது நாள் தங்கினான். ஆறாம் நாள் நான் அளவு டேப் எடுக்க அவன் வேலைப் பையைத் திறந்தேன். பொட்டலம் இருந்தது. கருகிய தாள் இருந்தது. நான் பார்த்திராத பொருள் இல்லை. வார்டில் அப்படிப்பட்டவர்களின் சட்டைப் பையைக் காலி செய்வது எங்கள் வேலைதான்.

அறைந்தேன். ஏன்டா என்று கேட்டேன். நாள் முழுக்க முட்டி போட்டு வேலை செய்கிறவனுக்கு முழங்கால் வலி, யாரோ கூட வேலை செய்கிறவன் இதை இழுத்துப் பார் என்றிருக்கிறான். அவ்வளவுதான் கதை. பெரிய காரணம் எதுவும் இல்லை. எனக்கு ஒரு பெரிய காரணம் வேண்டியிருந்தது, அவனிடம் இல்லை.

இப்போது நான் சொல்லப்போவதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். என் வார்டில் ஊசி போட்டுக்கொள்கிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கை அழுகி வருவார்கள். இதய வால்வில் சீழ் பிடித்து வருவார்கள். ஈரல் போய் வருவார்கள். இருபத்தைந்து வயசுப் பையனுக்கு நான் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். புகை இழுத்து இப்படி ஆன ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை. இது மிக அரிது என்று இப்போது தேடிப் படித்ததில் போட்டிருக்கிறது. அரிது என்பது எனக்கு ஆறுதல் என்று நினைக்காதே.

அவன் விடுகிறேன் என்றான். எனக்குத் தெரியும், விட மாட்டான். வார்டில் எத்தனை பேர் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிகிச்சைக்கு வா என்றேன், இந்த வேலை முடியட்டும் என்றான். அப்போது நான் பேரம் பேசினேன். "என்ன வேணா பண்ணித் தொலை. ஊசி மட்டும் வேண்டாம்டா. அதைத் தொட்டா என்னை உயிரோட பாக்க மாட்டே" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய காரியம் சாதித்த மாதிரி இருந்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் "கை சுத்தமா இருக்காடா?" என்று கேட்பேன். "சுத்தம்க்கா" என்பான். "அது போதும்டா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போவேன். நீ பக்கத்தில் இருப்பாய் என்பதால் அப்படிக் கேட்கலாம் என்று அவன்தான் சொன்னான். நீ சோப்பு வாங்கி வைத்ததை என்னிடம் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

கூட இருக்கிறவன் ஒருத்தன் ஊசிக்குப் போனபோது இவனையும் கூப்பிட்டானாம். குறைவாகவே போதும், சீக்கிரம் ஏறும் என்றானாம். அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று இவன் மறுத்துவிட்டான். போன வருஷம் இதைப் பெருமையாகச் சொன்னான். நான் பாராட்டினேன். அவனுக்குப் புகை மட்டும்தான் வழி என்று ஆக்கியது நான். அவன் நூலளவு பிசகாமல் அதிலேயே போனான். சின்ன வயசிலிருந்தே நான் கிழித்த கோட்டை அவன் தாண்டியதில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ விட்டுவிட்டுப் போய்விடுவாய் என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். உன்னை அவ்வளவுக்கு மேல் மதிக்கவில்லை. நீ வெள்ளித்தாள் வாங்கினாய், தெரியாமல். நான் தெரிந்தே மூன்று வருஷம் ஒரு கேள்வி கேட்டு, ஒரு பதிலை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

அவன் கையை நீட்டுவது துடைப்பதற்கு அல்ல. குத்து இல்லை, பார் என்று காட்டுகிறான். வருகிறவர்களில் யார் அக்கா என்று அவனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, அதனால் எல்லோருக்கும் காட்டுகிறான்.

லீவு கிடைக்காது என்றது பொய். எனக்கு வர தைரியம் இல்லை.

அக்கா.


ஏப்ரல் 5

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். கூட வேலை செய்கிறவள் யார் செத்துட்டாங்க என்று கேட்டாள்.

நல்ல அக்கா, நல்ல தம்பி. நடுவில் நான் ஒரு சோப்புக்காரி. மூன்று வருஷம் என் வீட்டுக் கூடத்தில், என் காதில் விழும்படி, இரண்டு பேரும் பேசியிருக்கிறீர்கள். என்னிடம் சொல்லியிருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பேன் என்கிறீர்கள். போயிருக்கலாம். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் தள்ளியிருக்கவும் செய்திருப்பேன். எதைச் செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்கிற வாய்ப்பை இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு இல்லாமல் பண்ணிவிட்டீர்கள்.

இப்போதும் கையை நீட்டுகிறார். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். "அது போதும்" என்று சொன்னால் கையை இறக்குவாராக இருக்கும். நான்கு நாளாக அவர் நீட்டுகிறார், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சொல்ல மாட்டேன். அது போதும் என்று நான் நினைக்கவில்லை.

அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். தைரியம் இல்லாவிட்டால் தைரியம் இல்லாமலே வாருங்கள். நான் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் வருகிறேன்.


ஏப்ரல் 18

உனக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். மூன்று நாளில் நாம் இரண்டு பேரும் பேசியது பத்து வாக்கியம் இருக்குமா? அதில் ஏழு துணி மாற்றுவதைப் பற்றி. அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.

இத்தனை வருஷ அனுபவத்தில் நான் எதற்கும் தயாராகத்தான் வந்தேன். ஆனால் கட்டில் பக்கம் போனதும், அவன் சட்டைக் கையைக் கடித்து இழுத்ததைப் பார்த்ததும் அதெல்லாம் எங்கேயோ போயிற்று. "மன்னிச்சுடுடா" என்று சொல்ல வேண்டும் என்று ரயிலில் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "போதும்டா" என்றுதான் வந்தது. நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். அவன் கையை இறக்கியதை நீயும் பார்த்தாய். சிரித்ததையும் பார்த்தாய். உடனே நீ திரும்பிப் போய்விட்டாய். பின்னால் வந்து கூப்பிட்டேன், தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்றாய். குடம் எதுவும் கையில் இல்லை.

இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. அவனை நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன். எனக்கு வேலையில் முன்கூட்டியே ஓய்வு கேட்கும் தகுதி வந்துவிட்டது. கீழ் அறையிலேயே அவனை வைக்கலாம், படி ஏற்ற வேண்டாம். அவனைத் தூக்க, திருப்ப எனக்குத் தெரியும். நீயும் வா. மேல் அறை சும்மாதான் கிடக்கிறது. உன்னை விட்டுவிட்டு அவனை மட்டும் அழைத்துப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. அதை நீ நம்ப வேண்டும்.

இரண்டு முனைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று நீதான் எழுதினாய்.

அக்கா.


ஏப்ரல் 24

அண்ணிக்கு,

அழைத்துப் போங்கள்.

ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி ஏற்பாடாகியிருக்கிறது, கூட ஒரு நர்ஸ் வருவார். காப்பகத்துப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டாக்டர், நல்ல முடிவு, சொந்தக்காரர்களோடு இருந்தால் சில பேர் தேறுவார்கள் என்றாள். தேறட்டும்.

நான் வரவில்லை. மேல் அறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள், உங்கள் நல்ல மனசு. அந்த அறையிலிருந்து நான் என்ன கேட்டுக்கொண்டிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஏற்கெனவே மூன்று வருஷம் கேட்டாயிற்று.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டால் எனக்குத்தான் கேடு. மூன்று மாசம் அந்த மனுஷனுக்கு நான் மூத்திரம் வாரியிருக்கிறேன். மூக்கைத் துடைத்திருக்கிறேன். பழைய கதை எல்லாம் சொல்லியிருக்கிறேன், கல்யாணத்துக்கு முன்னால் எனக்குப் பார்த்த மாப்பிள்ளையின் வழுக்கையைப் பற்றிச் சொன்னால் எப்போதும் விழுந்து விழுந்து சிரிப்பார், அதைக்கூட நாலு தடவை சொன்னேன். ஒரு அசைவு இல்லை. உள்ளே ஆள் இல்லை, வெறும் கூடுதான் என்று முடிவு பண்ணிவிட்டேன். அப்படி முடிவு பண்ணினதால்தான் என்னால் செய்ய முடிந்தது. நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னீர்கள், ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்று தெரிந்துபோயிற்று. அப்படியானால் அத்தனை நாளும் நான் பேசினது எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. சண்டை போட்டதும், செத்துத் தொலையக் கூடாதா என்று ஒரு நாள் சொன்னதும்.

உங்களிடம் அவர் ஒரு சத்தியம் செய்தார், மூளை உருகிப்போன பிறகும் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். என்னிடம் அப்படி ஒன்றும் செய்ததில்லை. நானும் கேட்டதில்லை, கட்டின புருஷனிடம் போய்ச் சத்தியம் வாங்குவார்களா என்று இருந்துவிட்டேன். உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்களும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், வேலை நிறைய இருக்கும்.

உங்களுக்குத் தெரியாத சிலது இருக்கிறது, இந்த மூன்று மாசத்தில் நான் கண்டுபிடித்தது. கரண்டியை இடது பக்கமாகக் கொண்டுபோனால்தான் வாயைத் திறப்பார். மத்தியானம் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடித்தால் காலை உதறுவார், திரையை இழுத்துவிடுங்கள். நீலக் கோடு போட்ட போர்வை வேண்டும், மற்றதைக் கீழே தள்ளிவிடுவார், அதை மூட்டையில் வைத்திருக்கிறேன். தலையைத் துவட்டும்போது பின்கழுத்தை விட்டுவிடாதீர்கள், அங்கே ஈரம் நின்றால் அழுவார். முகம் மாறாது, கண்ணில் தண்ணீர் மட்டும் வரும், கவனித்தால்தான் தெரியும்.

நேற்று அவரிடம் சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறோம் என்று சொன்னேன். போகிறோம் என்றுதான் சொன்னேன். வேறு மாதிரி சொல்ல வாய் வரவில்லை. வண்டி கிளம்பினதும் நான் எங்கே என்று தேடுவாரா, மாட்டாரா, அதுவும் எனக்குத் தெரியாது.

தேடினால், நான் வர மாட்டேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.